அன்பில்லாமல் வாங்கிய வாஷிங் மெஷின்

ஒரு மனிதனைப் பத்து தடவை கூப்பிட்டு, கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, தட்டு நிறையப் போட்டு, "சாப்பிடு சாப்பிடு" என்று உபசரித்துவிட்டு, அவன் எழுந்து கை கழுவும்போது, "அப்போ நீ சாப்பிடத்தானே வந்தே?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? தனி ஆள் கேட்டால் சண்டை போட்டுவிட்டு வந்துவிடலாம். வங்கி கேட்டால் பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் மூன்று பிரதிகளில்.

அந்தக் கேள்வி பூதக்கண்ணாடியிடம் கேட்கப்பட்டது. பூதக்கண்ணாடி என்பது தெரு வைத்த பெயர். மருந்துக் கடையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறார். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் காகிதத்தை உலகத்தில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இவர் பிரிப்பார். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிப்பார். "முக்கியமான சேதியைக் கடைசி வரியிலதான் வெச்சிருப்பான்" என்பது அவர் அனுபவம். இந்தப் பழக்கத்தால் தெருவில் நாலைந்து பேர் பிழைத்திருக்கிறார்கள். அவர்களில் யாருக்கும் அது தெரியாது.

மருந்துக் கடைக்கு எதிர்ச் சாரியில் அந்த வங்கி இருந்தது. அதில் அவர் மனைவியின் ஒரே தம்பி வேலை பார்த்தான். பதவியின் பெயர் உறவு மேம்பாட்டு அலுவலர். வேலை என்னவென்றால் மாதம் நாற்பது பேரைப் பிடித்து வந்து கணக்குத் திறக்கவைப்பது. முப்பத்தொன்பது பேர் சேர்த்தால் முப்பத்தொன்பது பேருக்கு உண்டான பாராட்டு கிடையாது, எச்சரிக்கைக் கடிதம்தான் கிடைக்கும். மூன்று கடிதம் சேர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு கடிதம் ஏற்கெனவே வாங்கியிருந்தான்.

மாதக் கடைசி நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கா வீட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, ஒரே ஒரு கையெழுத்து. முப்பத்தொன்பதுல நிக்கிறேன்."

"எனக்குத்தான் வேற பேங்க்ல கணக்கு இருக்கே. இன்னொண்ணை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"கணக்கு யாருக்கு மாமா வேணும்? வாஷிங் மெஷின் தர்றாங்க, அதுக்காகச் சேருங்க. தொண்ணூறு நாள் சும்மா வெச்சிருங்க. அப்புறம் மூடிட்டுப் போயிட்டே இருங்க. எல்லாரும் அதைத்தான் பண்றாங்க."

மனைவி துணி பிழிந்துகொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு மணிக்கட்டும் ஒரு வருடமாக வீங்கிக் கிடந்தது. பிழிந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவனுக்கு வேலை போயிடுமாங்க?" என்றுதான் கேட்டாள்.

பூதக்கண்ணாடி அவள் கையைப் பார்த்தார். படிவத்தை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வங்கியில் வரவேற்பு நடந்தது. மணி அடித்தார்கள். ஊழியர்கள் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மேலாளர் மேஜையைச் சுற்றி வந்து கட்டிக்கொண்டு, "இன்னியிலேருந்து நீங்க வாடிக்கையாளர் இல்ல, எங்க குடும்பத்துல ஒருத்தர்" என்றார். பெயரைக் கேட்க மறந்துவிட்டார். புகைப்படம் எடுத்தார்கள். அறுபத்திரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். நிபந்தனைகள் என்று அதன் அட்டையில் போட்டிருந்தது. "இதையெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க, சும்மா வெச்சுக்குங்க" என்றார் மேலாளர்.

பூதக்கண்ணாடி மூன்று நாள் உட்கார்ந்து படித்தார். பரிசு நிலைக்க வேண்டுமானால் பதினொரு நிபந்தனை. அதில் ஏழாவது, ஏ.டி.எம். அட்டையை வாரத்துக்கு ஒரு தடவையாவது பயன்படுத்த வேண்டும் என்றது. நல்லது. ஆனால் ஐம்பத்தெட்டாம் பக்கத்தின் அடியில், வாரம் என்பது புதன்கிழமை மதியம் தொடங்கிச் செவ்வாய்க்கிழமை காலையில் முடிவது என்றும், இடைப்பட்ட ஒரு நாள் எந்த வாரத்திலும் சேராது என்றும் இருந்தது. பூதக்கண்ணாடிக்கு இதில் கோபம் வரவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால், சாப்பாட்டுக்குப் பின்னால், பாலோடு கூடாது என்று எத்தனையோ பார்த்தவர். கடைக் கதவின் பின்னால் ஒரு தாளை ஒட்டி, மருந்து கோர்ஸ் எழுதுவது போல் தொண்ணூறு நாளுக்கும் எழுதினார். ஒரு வேளை கூடத் தவறவிடவில்லை.

மெஷின் வந்தது. முதல் நாள் மனைவி அதன் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடி வட்டத்துக்குள் துணி சுற்றுவதை முழுதாக ஒரு மணி நேரம் பார்த்தாள். இரண்டு மாதத்தில் மணிக்கட்டு வீக்கம் வடிந்தது. ஒரு கையால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக் காட்டி, "பாத்தீங்களா?" என்றாள். பூதக்கண்ணாடிக்கு மனசு நிறைந்துபோயிற்று. மைத்துனனுக்கும் வேலை தங்கியது. இப்படி எல்லோருக்கும் நல்லதாக ஒரு காரியம் நடந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றாமல் போனதுதான் தப்பு.

தொண்ணூற்றோராம் நாள் கணக்கை மூடப் போனார். கணக்குத் திறக்க ஆறு கவுண்டர் உண்டு. மூடுவதற்கு ஒன்றுதான், மாடிப்படிக்கு அடியில். பிரிவதற்கான காரணம் என்று ஒரு படிவம் நீட்டினாள் கவுண்டர் பெண். அதில் மூன்று கட்டம்: இறந்துவிட்டேன், நாடு கடத்தப்பட்டேன், தீயவர்களால் மனம் மாற்றப்பட்டேன்.

"இதுல எதுவும் இல்லம்மா. எனக்கு இந்தக் கணக்கு தேவைப்படல, அவ்வளவுதான்."

"தேவைப்படலைன்னு கட்டம் இல்ல சார். இறந்துட்டேன்னு போட்டுருங்க, அதுலதான் சீக்கிரம் முடியும்."

அவருக்கு மனம் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் 'தேவை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு, பாவம் என்பது போல அவரைப் பார்த்தாள்.

எட்டாம் நாள் வங்கியின் நன்றியுணர்வுத் துறையிலிருந்து கடிதம் வந்தது. 'தாங்கள் எமது அன்பளிப்பை அன்பின்றிப் பெற்றுக்கொண்டதாகத் தெரிய வருகிறது. விசாரணைக்கு முன் நன்றிப் பரிசோதனைக்கு வரவும். வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை.' இப்படி ஒரு துறை இருப்பதே அவருக்குத் தெரியாது. விசாரித்ததில், கடன் வாங்கிவிட்டு ஓடிப்போனவர்களைத் தேடும் துறையை விட இது இரண்டு மடங்கு பெரியதாம்.

பரிசோதனை அறையில் வெள்ளை அங்கி போட்ட ஒருவர் இருந்தார். டாக்டரா என்று கேட்டால், "இல்ல, மார்க்கெட்டிங்" என்றார். பூதக்கண்ணாடியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி நாடித்துடிப்பை எடுத்தார். பிறகு ஒவ்வொரு படமாகக் காட்டினார். ஒரு குழந்தை. ஒரு நாய்க்குட்டி. வங்கியின் தலைமை அலுவலகக் கட்டடம், முன்பக்கத் தோற்றம். அதே கட்டடம், பக்கவாட்டுத் தோற்றம்.

"கட்டடத்தைப் பாக்கும்போது துடிப்பு ஏறவே இல்லையே?"

"குழந்தைக்கும் ஏறலையே சார். நான் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறேன். அது துடிப்பை ஏற விடாது. அந்த மாத்திரைக் காகிதத்துல ஆறாவது பாராவுலயே போட்டிருக்கான்."

அங்கிக்காரர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். அந்த அறிக்கை பிறகு விசாரணையில் வாசிக்கப்பட்டது: 'எதிர்த்தரப்பார் மருந்து உட்கொண்டு தமது உணர்ச்சிகளை மறைத்தார். இதை அவரே பெருமையுடன் ஒப்புக்கொண்டார்.'

விசாரணை நாளன்று காலையில் மனைவி சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். "எதுக்குக் கவலைப்படறீங்க? தம்பி உள்ளதானே இருக்கான், பாத்துக்குவான்" என்றாள். "மெஷினை எடுத்துக்க மாட்டாங்கல்ல?" என்று கடைசியில் ஒரு வார்த்தை கேட்டாள். "அதெப்படி? பதினொரு நிபந்தனையையும் முடிச்சிருக்கேன்" என்றார் அவர்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவி அம்மாள். ஒரு பக்கம் அன்பு மதிப்பீட்டாளர். இன்னொரு பக்கம் பொதுமக்களின் பிரதிநிதி. பிரதிநிதியின் கழுத்தில் வங்கி ஊழியர் அட்டை தொங்கியது. அதன்மேல் 'பொதுமக்கள்' என்று ஒரு சீட்டை ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று வங்கியின் உறுதிமொழியைச் சொன்னார்கள். பூதக்கண்ணாடிக்கு அது தெரியாததால் வாயை மட்டும் அசைத்தார். அன்பு மதிப்பீட்டாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

"நிபந்தனைப் புத்தகத்தைப் படிச்சீங்களா?" என்று ஆரம்பித்தார் தலைவி.

"படிச்சேம்மா."

"எத்தனை பக்கம்?"

"அறுபத்திரண்டும்."

அறையில் சலசலப்பு. பொதுமக்களின் பிரதிநிதி நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"பாருங்க," என்றார் தலைவி, குரலில் நிஜமான வருத்தத்தோடு. "எங்களை நம்பறவங்க யாரும் அதைப் படிக்கிறதில்ல. கல்யாணம் பண்ணிக்கப் போற பொண்ணுகிட்ட சட்டப் புத்தகத்தைக் கொண்டுட்டுப் போவீங்களா? நீங்க ஒரு நிபந்தனையைக்கூட மீறல. சட்டப்படி உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. எங்க மனசு உடைஞ்சதே அங்கதான்! நிபந்தனை ஏன் எழுதறோம்? நீங்க அதுல தடுக்கி விழணும், நாங்க கை கொடுத்துத் தூக்கணும், அபராதம் போடணும். அப்படித்தானே உறவு வளரும்? நூறு பேர் சேந்தா தொண்ணூத்தேழு பேர் ஏழாவது நிபந்தனையில விழுந்துடுவாங்க. அவங்க பரிசும் திரும்பி வரும், அபராதமும் வரும். அவங்க எவ்வளவு நல்லவங்க! உங்க வீட்டு மெஷினுக்கு விலை கொடுத்தது நாங்க இல்லீங்க, அவங்கதான். அந்த ஏழைபாழைங்க காசுல உங்க வேட்டியைத் துவைக்கிறீங்களே, உங்களுக்கு உறுத்தலையா?"

உறுத்தியது. அவருக்கு உண்மையிலேயே உறுத்தியது. தொண்ணூற்றேழு பேர் என்பது அவருக்கு இதுவரை தெரியாது. அது புத்தகத்தில் இல்லை. இருந்திருந்தால் படித்திருப்பார். இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள், கண்ணுக்குச் சொட்டு மருந்து கேட்கிறவர்கள், எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாதவர்கள், எல்லோருடைய முகமும் ஞாபகத்துக்கு வந்தது.

"அப்படின்னா சரிம்மா," என்றார். "மெஷினைத் திருப்பிக் கொடுத்துடறேன். ஆனா உங்ககிட்ட இல்ல. அந்தத் தொண்ணூத்தேழு பேர்ல ஒருத்தர் விலாசம் குடுங்க, நானே கொண்டுபோய் இறக்கிடறேன்."

தலைவி அன்பு மதிப்பீட்டாளரைப் பார்த்தார். அன்பு மதிப்பீட்டாளர் பொதுமக்களைப் பார்த்தார். பொதுமக்கள் மின்விசிறியைப் பார்த்தார்.

"அதெல்லாம் ரகசியம்," என்றார் தலைவி. "குடும்ப விஷயத்தை வெளியில சொல்றதில்ல. இப்போ நோக்கத்துக்கு வருவோம். நீங்க மெஷினுக்காகத்தான் சேந்தீங்கன்னு நிரூபணம் ஆகணும். சாட்சியைக் கூப்பிடுங்க."

பக்கத்துக் கதவு திறந்தது. உள்ளே வந்தவன் மைத்துனன்.

பூதக்கண்ணாடிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அப்பாடா, உள்ளதைச் சொல்ல ஒருவன் வந்துவிட்டான் என்று நினைத்தார். மைத்துனன் அவர் பக்கம் திரும்பவில்லை. கையில் இருந்த தாளைப் பிரித்துப் படித்தான்:

"குறிப்பிட்ட நாளன்று மாலை நான் என் சகோதரியின் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, எதிர்த்தரப்பார் என்னிடம், 'கணக்கு யாருக்கு வேண்டும்? வாஷிங் மெஷினுக்காகச் சேர்கிறேன். தொண்ணூறு நாள் சும்மா வைத்திருந்துவிட்டு மூடிவிட்டுப் போகிறேன்' என்று கூறினார். நான் அதிர்ச்சியடைந்தேன். வங்கியின் அன்பை அவருக்கு எடுத்துரைத்தேன். அவர் சிரித்தார்."

அது அவன் சொன்ன வார்த்தை. 'சேருங்க' என்பது 'சேர்கிறேன்' ஆனது தவிர அப்படியே அவன் சொன்ன வார்த்தை. அதை அவர் வாயில் போட்டுவிட்டான். நாற்பதாவது ஆளாக இவர் போட்ட கையெழுத்தில்தான் இவன் இன்றைக்கு இந்த அறையில் நிற்கிறான். மறுத்துப் பேச வாயைத் திறந்தார். சொன்னால் வேலை போய்விடும், வேலை போனால் அவள் அழுவாள் என்று நினைப்பு குறுக்கே வந்தது. அந்த ஒரு நொடியில் தலைவி தீர்ப்பை எடுத்துவிட்டார். அது முன்பே அச்சடித்து உறைக்குள் இருந்தது. மெஷின் பறிமுதல். பெயர் நன்றியற்றோர் பதிவேட்டில் சேர்க்கப்படும்.

மாடிப்படியில் மைத்துனனைப் பிடித்தார்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணினே?"

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. நான் சேத்ததுல பன்னெண்டு பேர் மூடிட்டாங்க. அதுல ஒருத்தரையாவது பிடிச்சுக் குடுத்தாத்தான் மூணாவது கடிதம் குடுக்காம விடுவோம்னாங்க."

"பன்னெண்டு பேர்ல நான்தான் கிடைச்சேனா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்ல யோசிக்கவில்லை, பதில் அவ்வளவு சுலபமானது என்பதால் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தான்.

"மத்தவங்க எல்லாம் வெளியாளுங்க மாமா. கோவிச்சுக்குவாங்க, கேஸு போடுவாங்க. நீங்கதானே... நீங்க ஒண்ணும் பண்ண மாட்டீங்க."

பூதக்கண்ணாடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். எதிரி குத்தினால் வலிக்கும், அவ்வளவுதான். இவன் குத்துவதற்கு இவரைத் தேர்ந்தெடுத்த காரணமே இவருடைய நல்ல குணம். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஊரில் அவ்வளவு பேருக்குக் கடைசி வரியைப் படித்துச் சொன்னவர், சொந்த வீட்டுப் பிள்ளையைப் படிக்காமல் விட்டுவிட்டார்.

வீட்டில் மனைவியிடம், "மெஷினை எடுத்துக்கறாங்களாம்" என்று மட்டும் சொன்னார்.

"தம்பி ஒண்ணும் பேசலையா?"

"பேசினான்."

"பாவம், அவன் பேச்சை அங்க யார் கேப்பாங்க," என்றாள் அவள்.

இரண்டு நாள் கழித்து வண்டியோடு நாலு பேர் வந்தார்கள். பூதக்கண்ணாடி கதவைத் திறந்து, "எடுத்துட்டுப் போங்கப்பா, சீக்கிரம்" என்றார். அவர்களில் மேஸ்திரி போல இருந்தவர், "அப்படி எடுக்க முடியாது சார். வீட்டுல எல்லாரையும் நிக்கவெச்சு உத்தரவைச் சத்தமா வாசிக்கணும். அதான் முறை" என்றார்.

"எனக்குத் தெரியும், வேணாம்."

"வாசிச்சாத்தான் கூலி குடுப்பாங்க சார்."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, நிறுத்தாமல் வாசித்தார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் முக்கியமில்லை. "மேற்படி நபர் பேராசையால் தூண்டப்பட்டு... மேற்படி உண்மை மேற்படி நபரின் மனைவியின் உடன்பிறந்த தம்பியும் எமது வங்கியின் உறவு மேம்பாட்டு அலுவலருமானவரின் நேரடிச் சாட்சியத்தால், அதாவது 'கணக்கு யாருக்கு வேண்டும்? வாஷிங் மெஷினுக்காகச் சேர்கிறேன்' என்று மேற்படி நபர் கூறியதாக..."

மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வார்த்தையை யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியும். அன்று அவள் பக்கத்தில்தான் துணி பிழிந்துகொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார், அவரே செய்த குற்றம் போல.

"எடுத்துக்குங்க," என்றாள் அவள். "வாசப்படி தடுக்கும், பாத்து."

அன்றைக்கு அவள் அழவில்லை. மறுநாள் துணி பிழியும்போதுதான் அழுதாள். கை வலிக்கிறதா என்று கேட்டதற்கு, ஆமாம் என்றாள். அவர் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். தம்பியைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

மூன்று வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைத்துனன் வந்தான். புதுச் சட்டை. தோளில் பை. ஒன்றுமே நடக்காதது போல, "அக்கா, தண்ணி குடு" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, உங்களுக்குன்னே ஒரு திட்டம் வந்திருக்கு. 'மீண்டும் குடும்பத்துக்குள்'. நன்றியற்றோர் பதிவேட்டுல இருக்கறவங்க மட்டுந்தான் இதுல சேர முடியும். வெளியாளுங்களுக்குக் கிடையாது. மன்னிப்புக் கடிதம் ஒண்ணு, கணக்கு ஒண்ணு, ரெண்டு கையெழுத்து. அதே வாஷிங் மெஷின் தர்றாங்க. உங்க மெஷினே குடோன்லதான் இருக்கு, சொல்லி வெச்சிருக்கேன்." குரலைத் தாழ்த்தினான். "இந்த மாசமும் ஒரு ஆள் குறையுது மாமா."

பூதக்கண்ணாடி மனைவியைப் பார்த்தார். அவள் தண்ணீர்ச் செம்பைத் தம்பியின் முன்னால் வைத்தாள். மணிக்கட்டில் மறுபடியும் வீக்கம் கண்டிருந்தது. அவன் நீட்டிய தாள்களை வாங்கினாள். மேலே இருந்த மன்னிப்புக் கடிதத்தை நின்றபடியே முழுசும் படித்தாள். பேராசையால் செய்துவிட்டேன் என்று அதில் தயாராக அச்சடித்திருந்தார்கள். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"இதுல உங்க மாமா கையெழுத்துப் போடட்டும்," என்றாள். "அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு எழுதிக் குடு. அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான், எங்க மாமா இல்லன்னு."

அவன் செம்பைக் கீழே வைத்தான். பையைத் திறந்து உள்ளே இருந்த படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு. கடைசி வரை தேடிவிட்டு நிமிர்ந்தான்.

"அக்கா, அதுக்கு ஃபாரம் எதுவும் இல்லையே," என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை.